பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? குழந்தையின் இதயத்தையும் கவனியுங்கள்!

பெரியவர்களின் இதயத்தைச் சோதிக்க டிரெட்மில்லில் நடக்க வைப்பார்கள். பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தைக்கு அம்மாவின் மடிதான் டிரெட்மில். உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவே மூச்சும் விட வேண்டும். அந்த வயதில் பால் குடிப்பதைவிடக் கடினமான வேலை வேறில்லை. இதயத்தில் குறை இருந்தால் பெரும்பாலும் இங்கேதான் தடுமாற்றம் தெரியும். அதை முதலில் பார்ப்பவர் டாக்டர் அல்ல, அம்மாதான்.

100-ல் ஒரு குழந்தைக்கு

பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் ஒன்றுக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கிறது. அறைகளுக்கு நடுவே ஓட்டை, வால்வு சுருக்கம், பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறியிருப்பது எனப் பல வகை. கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களுக்குள் இதயம் உருவாகி முடிந்துவிடும். தாய்க்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், கர்ப்ப காலத்தில் ருபெல்லா தொற்று, டவுன் சிண்ட்ரோம் போன்ற மரபணுக் குறைபாடுகள் ஆகியவை வாய்ப்பை அதிகரிக்கும். ஆனால், பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவும் தெரிவதில்லை. எனவே, 'நீ இதைச் சாப்பிட்டதால்தான் இப்படி' என்று தாயைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நன்றாகத்தானே இருந்தது?

கருவில் நுரையீரல் வேலை செய்யாததால், ரத்தம் அதைத் தாண்டிச் செல்ல ஒரு சிறு இணைப்புக் குழாய் இருக்கும். பிறந்த சில நாள்களில் அது மூடிக்கொள்ளும். சில கடுமையான குறைகளில் குழந்தை அந்தக் குழாயை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. அது மூடியதும் திடீரென்று நீலம் பாரிக்கலாம், துவண்டு போகலாம்.

கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால் கதை வேறு. முதல் சில வாரங்களில் நுரையீரலில் அழுத்தம் மெல்லக் குறையும். அதன் பிறகே ஓட்டை வழியாக அதிக ரத்தம் நுரையீரலுக்குப் பாயும். அதனால் அறிகுறிகள் ஒன்று, இரண்டு மாதங்களில்தான் தலைகாட்டும்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

* கொஞ்சம் குடித்ததும் களைத்து விட்டுவிடுவது, உடனே மறுபடி பசித்து அழுவது. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பது.
* மின்விசிறி ஓடும்போதும், பால் குடிக்கையில் நெற்றியும் தலையும் வியர்ப்பது.
* எடை ஏறாமல் இருப்பது.
* அடிக்கடி நெஞ்சுச்சளி, நிமோனியா வருவது.
* வேகமான மூச்சு. குழந்தை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. சளிக் காய்ச்சலிலும் இப்படி வரலாம். எப்படியிருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் திருஷ்டி, மாந்தம் என்று நினைத்து நாள்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

நீலத்தை எங்கே பார்ப்பது?

குளிரில் பச்சிளம் குழந்தையின் கை, கால் நீலமாவது சகஜம். நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலமானால் அது சகஜமல்ல. மாநிறக் குழந்தைகளிடம் தோலைப் பார்த்து முடிவு செய்யாமல், வெளிச்சத்தில் நாக்கைப் பாருங்கள்.

சில குழந்தைகள் அழும்போது திடீரென்று கருநீலமாகி, மூச்சு வாங்கித் துவளும். அப்போது மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஓடியாடும் வயதில் இரண்டு எட்டு ஓடியதும் குத்துக்காலிட்டு உட்காருவது, விரல் நுனிகள் உருண்டு தடிப்பது, விளையாடும்போது மயங்கி விழுவது, நெஞ்சுவலி என்பது ஆகியவையும் எச்சரிக்கைகள்.

வலிக்காத பரிசோதனைகள்

கர்ப்பத்தின் 18-20 வாரங்களில் எடுக்கும் ஸ்கேனில் பல குறைகள் தெரியும், எல்லாமும் தெரியாது. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைத்துப் பார்க்கலாம். கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிய அதே வகைக் கருவி, குழந்தைக்கேற்ற சென்சாருடன். ஆக்ஸிஜன் அளவு 90-க்குக் கீழே போனால் உடனடி கவனம் தேவை. டிஸ்சார்ஜுக்கு முன் இதைச் செய்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

'இதயத்தில் சத்தம் கேட்கிறது' என்று டாக்டர் சொன்னால் பதற வேண்டாம். ஆரோக்கியமான பல குழந்தைகளுக்கும் அப்படிக் கேட்கும். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத எக்கோ ஸ்கேன், குறை இருக்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

காலம்தான் முக்கியம்

சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றைத் தொடை ரத்தக்குழாய் வழியே கருவி செலுத்தி அடைக்கலாம். மற்றவற்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆனால், பெரிய ஓட்டையை ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். அதன் பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வரும்.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதித்து, இலவச சிகிச்சைக்கு வழிகாட்டுகிறார்கள். தமிழகத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, குழந்தை பால் குடிப்பதை ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். வாயால் விளக்குவதைவிட அது தெளிவாகப் பேசும்.