வீட்டு நாய் இறந்துவிட்டால்: செய்ய வேண்டியதும் தாங்க வேண்டியதும்

ஈக்காட்டுத்தாங்கலில் விடியற்காலையில் மெட்ரோ தூண்களை ஒட்டியும் கலைமகள் நகர்த் தெருக்களிலும் நாயோடு நடக்கிறவர்களைப் பார்க்கலாம். அந்த நாய் ஒருநாள் இறந்துபோனால் என்ன செய்வதென்று பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. மனிதர் இறந்தால் எதிர்வீட்டுக்காரரே பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் போன் போட்டுவிடுவார். நாய் இறந்தால்? உடலை எங்கே கொண்டுபோவது, ஆபீசில் லீவு கேட்கலாமா, பிள்ளையிடம் என்ன சொல்வது என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே அந்த வீட்டுக்காரர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் நாய் நன்றாக இருக்கும்போதே இதைப் படித்துவைத்தால் நல்லது.

ஒரு நாய்க்காக இவ்வளவு அழலாமா? அழலாம். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒன்றைக் கண்டறிந்தார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் (தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே பாசத்தைக் கூட்டும் சுரப்பு) அதிகமாகிறது. பெற்ற பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சும்போது உடம்பில் நடப்பதும் இதுதான். பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் மிகைப்படுத்தவில்லை.

சொந்தக்காரர் இறந்தபோதுகூட இப்படி இல்லையே, எனக்கு ஏதாவது கோளாறா என்று சிலர் உள்ளுக்குள் பயப்படுகிறார்கள். கோளாறு இல்லை. தூரத்துச் சொந்தத்தை வருடத்துக்கு இரண்டு தரம் பார்த்திருப்பீர்கள். நாயோ, காலை பால் பாக்கெட்டை வெட்டும் சத்தத்திலிருந்து இரவு கதவைத் தாழ் போடும்வரை உங்கள் நாளுக்குள்ளேயே இருந்தது. உங்கள் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எழுந்து கேட்டுக்கு வந்தது. அது போனதும் நாளில் இருபது இடங்களில் ஓட்டை விழுகிறது. சாதம் மிச்சமானால் கை தானாகத் தட்டைத் தேடுகிறது.

இதில் இன்னொரு கனமும் சேர்கிறது. கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்: உரிமை மறுக்கப்பட்ட துக்கம் (சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கம்). நம் ஊரில் சாவு என்றால் துக்கம் விசாரிக்க வருவார்கள், பக்கத்து வீட்டில் சமைத்துக் கொடுப்பார்கள், பதினாறு நாள் யாரும் எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள். நாய்க்கு இதில் ஒன்றும் கிடையாது. ‘நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்’ என்ற ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். சொல்கிறவர் கெட்டவர் இல்லை. ஆனால் கேட்கிறவர் அதற்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை.

தமிழர் வழக்கத்தில் நாய்க்குத் துக்கம் கொண்டாடுவது இல்லை என்று யாராவது சொன்னால், அவர்களை எடுத்தனூர்ப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்து ஊர் அது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் (சண்டையில் இறந்தவர் நினைவாக நடும் கல்) ஒன்று கிடைத்தது. மாடுகளைக் காக்க நின்று இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் உருவம் அதில் இருக்கிறது. கூடவே அவனுடைய நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு நாயின் பெயர் மறந்துவிடக் கூடாது என்று இந்த மண்ணில் யாரோ கல்தச்சனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரிலும் 10ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு இறந்த காளி என்ற வேட்டை நாய்க்காக எழுப்பியது. தக்கோலப் போரில் ராஜாதித்த சோழன் இறந்த செய்தியைச் சொல்வதும் இதே கல்தான். ஒரு சோழ இளவரசனின் சாவும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இருக்கின்றன.

இனி, நடைமுறைக்கு வருவோம். முதலில் மிகக் கடினமான கேள்வி: டாக்டரே ‘ஊசி போட்டுடலாம்’ என்று சொன்னால் என்ன செய்வது? கருணைக்கொலை (மீள முடியாத வேதனையில் இருக்கும் உயிரை வலியில்லாமல் முடித்துவைப்பது) விலங்குகளுக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான். கால்நடை மருத்துவர் செய்ய வேண்டும். முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகளை அவரிடம் நேராகக் கேளுங்கள். இந்த வலி மருந்தில் அடங்குமா? தானாகச் சாப்பிட, எழுந்து நிற்க இனி முடியுமா? உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பல நேரம் முதல் இரண்டையும் விடத் தெளிவாக இருக்கும்.

அந்த நேரத்தில் என்ன நடக்கும்? முதலில் மயக்க ஊசி. நாய் ஆழ்ந்து தூங்கிய பிறகு, மயக்கமருந்தையே அதிக அளவில் நரம்பில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிற்கும். கண் திறந்தபடியே இருக்கும். நின்ற பிறகும் ஒன்றிரண்டு தரம் மூச்சு இழுப்பதுபோல் வரலாம், சிறுநீர் போகலாம். இவை உடம்பு அடங்கும்போது தானாக நடப்பவை. நாய்க்கு அப்போது வலி தெரியாது. இதை யாரும் முன்னாலேயே சொல்லாததால்தான் பலர் அந்தக் காட்சியை நினைத்து நினைத்து உடைகிறார்கள்.

கூட இருக்க வேண்டுமா? முடிந்தால் இருங்கள், தலையைத் தடவிக்கொண்டு பெயரைச் சொல்லிக்கொண்டிருங்கள். முடியவில்லை என்றால், நாய்க்குப் பழகிய இன்னொருவரை நிற்கச் சொல்லுங்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

வீட்டிலேயே இறந்துவிட்டால்? சென்னை வெயிலில் நேரம் குறைவு. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உடல் விறைக்கத் தொடங்கும். அதற்கு முன் கால்களை மடக்கி, தூங்கும் நிலையில் படுக்கவையுங்கள். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பழைய போர்வை. வாயிலிருந்தும் பின்புறமிருந்தும் நீர் வரும், ஒரு துணி வையுங்கள். ஏசி அறை இருந்தால் அங்கே மாற்றுங்கள். இல்லாவிட்டால் வயிற்றை ஒட்டிப் பையில் கட்டிய ஐஸ் வையுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் பிறகு கேட்பீர்கள்.

உடலை எங்கே கொண்டுபோவது? அடுக்குமாடியில் இருப்பவருக்கு இதுதான் பெரிய திண்டாட்டம். சிலர் ராத்திரியோடு ராத்திரியாக அடையாற்றங்கரையில் குழி தோண்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆழம் போதாமல் தெருநாய்கள் தோண்டிவிடும். ஊசி போட்டு முடித்த உடலாக இருந்தால் அதிலுள்ள மருந்து தோண்டித் தின்னும் பிராணியையும் கொல்லும். மழையில் ஆறு கரையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது 2015 டிசம்பரைப் பார்த்த ஈக்காட்டுத்தாங்கல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதல் போன் உங்கள் கால்நடை மருத்துவருக்கு. தகனத்துக்கு எங்கே ஏற்பாடு என்பது அவருக்குத்தான் பழக்கம். அவர் கிடைக்காவிட்டால் கிண்டியில் வேளச்சேரி சாலையிலுள்ள ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பிலும், மாநகராட்சியின் 1913 எண்ணிலும் விசாரியுங்கள். தகனம் என்றால் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தனியாக எரிப்பார்களா, மற்ற உடல்களோடு சேர்த்தா? சாம்பல் வேண்டும் என்பவர்கள் இதைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

சொந்த ஊரில் நிலம் இருந்து அங்கே கொண்டுபோவதானால், குழி நான்கடி ஆழமாவது இருக்கட்டும். கிணறு, போர்வெல் பக்கம் கூடாது. பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியோடு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இறப்பதற்குச் சில நாள் முன் நாயின் குணம் திடீரென மாறியிருந்தால், காரணமில்லாமல் கடித்திருந்தால், எச்சில் வழிந்து விழுங்க முடியாமல் தவித்திருந்தால், அது ரேபிஸாக (வெறிநோய்) இருக்கலாம். உடலை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் எச்சில் பட்டவர்களும் கீறல், கடி வாங்கியவர்களும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்து வேலை செய்யாது. துக்கத்தில் இதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

‘இன்னும் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருக்குமோ?’ நாயை இழந்த வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நாய் வலியை மறைக்கும் பிராணி. சிறுநீரகக் கோளாறில், சிறுநீரகத்தின் வேலை மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அறிகுறியே வெளியே தெரியத் தொடங்கும். உண்ணிக் காய்ச்சல் (உண்ணி கடித்துப் பரவும் கிருமி ரத்த அணுக்களைத் தாக்கும் நோய்) சில நாய்களில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரு வாரத்தில் கவிழ்த்துவிடும். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களுக்குத் தண்டனை கொடுக்காதீர்கள். சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தால், டாக்டரிடம் நேரம் கேட்டுப் போய், ரத்தப் பரிசோதனைத் தாள்களை முன்னால் வைத்து ஒருமுறை விளக்கச் சொல்லுங்கள். கற்பனையில் தவிப்பதைவிட, தெரிந்துகொண்டு வருந்துவது எளிது.

காணாமல்போன நாய் வேறு கணக்கு. 2015 வெள்ளத்தில் படகில் ஏறும்போது நாயை விட்டுவர நேர்ந்த குடும்பங்கள் சென்னையில் இருக்கின்றன. உடலைப் பார்க்காத துக்கம் ஆறுவதற்கு அதிக நாள் ஆகும். இன்றைக்கும் தெருவில் அதே நிற நாயைப் பார்த்தால் நின்றுவிடுகிறார்கள் என்றால் அது இயல்புதான். இனி அப்படி ஒரு நாள் வந்தால், கூட்டிப்போக முடியவே முடியாத நிலையிலும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். அவிழ்த்துவிட்டு, மாடிக்கு வழி திறந்துவைத்துப் போங்கள்.

பிள்ளையிடம் என்ன சொல்வது? இறந்துபோச்சு என்றே சொல்லுங்கள். ‘தூங்கிடுச்சு’ என்று சொன்னால் ராத்திரி தூங்கப் பயப்படும். ‘ஊருக்கு அனுப்பிட்டோம்’ என்றால் தான் சேட்டை செய்தால் தன்னையும் அனுப்பிவிடுவார்களோ என்று நினைக்கும். நான்கு ஐந்து வயதுப் பிள்ளை இன்று அழுதுவிட்டு நாளை ‘எப்ப வரும்?’ என்று கேட்கும். பத்துத் தரம் கேட்டாலும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நீங்கள் அழுவதைப் பிள்ளை பார்த்தால் தவறில்லை.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள். ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மற்றவர்கள் கிளம்பிப்போன பிறகு பகல் முழுக்க நாயோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் நடப்பதும்கூட நாய்க்காகத்தான் இருந்திருக்கும். அந்த நடை நின்றுவிடாமல், கொஞ்ச நாளைக்கு அதே நேரத்தில் நீங்கள் கூடப் போங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால்? அதற்கும் தெரியும். இத்தாலியில் நாய் வளர்க்கும் 426 பேரிடம் கேட்டு 2022இல் வெளிவந்த ஆய்வில், வீட்டிலிருந்த ஒரு நாய் இறந்த பிறகு மற்ற நாயிடம் மாற்றம் தெரிந்ததாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள்: விளையாட்டுக் குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆளை ஒட்டியே திரிந்தது. சாப்பாட்டு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாதீர்கள். முழுதாக ஒரு நாள் சாப்பிடவில்லை என்றால் ஏக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இறந்த நாய்க்கு இருந்த தொற்று இதற்கும் வந்திருக்கலாம்.

லீவு கேட்கலாமா? கேளுங்கள். ‘வீட்டில் ஒரு சாவு’ என்று சொல்ல வாய் வராவிட்டால், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு நாள் எடுங்கள். தூங்காமல் அழுத கண்ணோடு ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

எத்தனை நாளில் சரியாகும் என்பதற்கு ஒரே கணக்கு இல்லை. ஆனால் வாரங்கள் கடந்தும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், உடனே பேசுங்கள். 14416 (டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண்) இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசும். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. நாய் இறந்ததற்கா போன் செய்தீர்கள் என்று யாரும் சிரிக்க மாட்டார்கள். தனியாக இருந்து நாய் ஒன்றே துணையாக இருந்தவர்களை, பக்கத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே போய்ப் பார்க்க வேண்டும். ‘எப்படி இறந்துச்சு?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மீதியை அவர்கள் பேசுவார்கள்.

அடுத்த நாய் எப்போது? வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்போது. ஒருவர் இன்னும் அழுதுகொண்டிருக்க மற்றவர் திடீரென்று குட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்தக் குட்டிக்கும் பாவம். முன்னதைப்போலவே இருக்க வேண்டும் என்று அதே இனம், அதே நிறம், அதே பெயர் தேடாதீர்கள். வருவது வேறு நாய்.

இறந்த நாய்க்குப் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் ரத்தபேதி நோய்) இருந்திருந்தால் அவசரம் கூடவே கூடாது. அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பழைய தட்டு, படுக்கை, பொம்மைகளை அப்புறப்படுத்துங்கள். தரையை முதலில் சோப்பு நீரில் கழுவி, பிறகு பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே குட்டியை விடாமல், தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்த பெரிய நாயாகப் பார்த்துத் தத்தெடுப்பதே பாதுகாப்பு.