ஸ்டீயரிங் ஆடுகிறதா? அலைன்மென்ட்டுக்கு முன் இதைப் பாருங்கள்!

பழைய மாருதி 800-ல் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் சற்றுத் தாமதமாகத் திரும்புகிறதா? பலரும் நேராக வீல் அலைன்மென்ட் செய்யப் போய்விடுவார்கள். தேய்ந்த பாகத்தை மாற்றாமல் செய்யும் அலைன்மென்ட் நிற்காது, பணம்தான் வீண்.

முதலில் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சமதளத்தில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். முன்சக்கரம் அசைவதற்குள் ஸ்டீயரிங் ஓர் அங்குலத்துக்கு மேல் சும்மா ஆடினால், எங்கோ தேய்மானம் இருக்கிறது.

அடுத்த வேலை மெக்கானிக்குடையது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது 'டக் டக்' என்றால், பெரும்பாலும் டை ராட் எண்ட் தேய்ந்திருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போதும் ஆடினால், வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். இவையெல்லாம் நன்றாக இருந்தால், ஸ்டீயரிங் ராக்கையும் அதன் தண்டு இணைப்பையும் பார்க்க வேண்டும்.

"ராக்கை இறுக்கிவிட்டால் போதும்" என்றால் சம்மதிக்காதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால், வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.

டை ராட் எண்ட் சின்னப் பாகம்தான். ஓடும்போது அது கழன்றால், சக்கரம் ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்காது. குடும்பத்தோடு நெடுந்தூரம் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான்.