முகத்தை விட்டுப் போகாத எக்ஸிமா... தோலில் வாழும் ஈஸ்ட்தான் காரணமா?

எக்ஸிமா இருப்பவர்களில் சிலருக்கு கை, கால் சரியாகிவிடும். ஆனால் நெற்றி, கண் இமை, கழுத்து மட்டும் சிவந்து, அரிப்பு விடாமல் படுத்தி எடுக்கும். ஏன் அந்த இடங்கள் மட்டும்? தோல் மருத்துவர்கள் ரொம்ப காலமாகவே ஒரு ஈஸ்ட் மேல் சந்தேகப்படுகிறார்கள்.

அதன் பெயர் மலசீசியா. வெளியிலிருந்து தொற்றிய கிருமி என்று பதற வேண்டாம். கிட்டத்தட்ட எல்லாப் பெரியவர்களின் தோலிலும் இது உண்டு. 1874-ல் பொடுகுச் செதிலில் இதைப் பார்த்து விவரித்த பிரெஞ்சு ஆய்வாளர் லூயி சார்ல்ஸ் மலசேயின் பெயரைத்தான் பின்னர் இதற்கு வைத்தார்கள். மார்பிலும் முதுகிலும் வரும் தேமலுக்குக் காரணமும் இதே ஈஸ்ட்தான்.

எண்ணெய்தான் சாப்பாடு

தனக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்க இதற்குத் தெரியாது. நம் தோலில் சுரக்கும் எண்ணெயை உடைத்துத்தான் பிழைக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கணும்னாகூட ஆலிவ் எண்ணெய் மாதிரி ஏதாவது ஊற்ற வேண்டும்! எண்ணெய்ப் பசை அதிகமுள்ள தலை, முகம், கழுத்து, மேல் முதுகில் இது கூட்டமாக இருப்பது அதனால்தான்.

சரி, எக்ஸிமாவோடு என்ன சம்பந்தம்?

எக்ஸிமா உள்ளவர்களுக்குத் தோலின் மேல்சுவர் பலவீனமாக இருக்கும். அந்த விரிசல் வழியாக ஈஸ்ட்டின் புரதங்கள் உள்ளே இறங்க, உடலின் எதிர்ப்பு சக்தி அவற்றை எதிரியாகப் பார்க்கிறது. இவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் மலசீசியாவுக்கு எதிரான ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்பொருள் இருக்கிறது. முகம், கழுத்தில் எக்ஸிமா உள்ள பெரியவர்களிடம் இது அதிகம். எக்ஸிமா தோலில் அமிலத்தன்மை குறைந்துவிடுவதால் ஈஸ்ட் அலர்ஜிப் புரதங்களைக் கூடுதலாக வெளியிடுவதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல், ஈஸ்ட்டின் ஒரு புரதம் மனித உடலில் உள்ள தயோரெடாக்சின் என்ற புரதத்தின் சாயலில் இருக்கிறது. ஈஸ்ட்டை அடிக்கப் போன எதிர்ப்பு சக்தி, சொந்த வீட்டிலேயே கல்லெறிய இது காரணமாகலாம்.

அப்போ குற்றவாளி இதுதானா? அவசரப்பட முடியாது. அரிப்பும் வீக்கமும் முதலில் வந்து, ஈஸ்ட் பிறகு அதைக் கிளறிவிடுகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை. பூஞ்சை மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலருக்குப் பலன், சிலருக்கு இல்லை. பலன் கிடைத்தாலும் ஒரு குழப்பம்: கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணமும் உண்டு. போதாக்குறைக்கு, மலசீசியாவின் ஓர் இனம் சுரக்கும் நொதி, எக்ஸிமாவை மோசமாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் படலத்தை உடைப்பதும் ஆய்வகத்தில் தெரிய வந்திருக்கிறது. கொஞ்சம் நல்லவன், கொஞ்சம் கெட்டவன்!

மெடிக்கல் ஷாப் டியூப் வேண்டாம்

"பூஞ்சை" என்றதும் பலர் செய்வது, கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்குவதுதான். அவற்றில் பல, ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்தவை. வீரியமான ஸ்டீராய்டை முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் சிவப்பு இன்னும் மோசமாகத் திரும்பும்.

எக்ஸிமாவுக்கு முதல் சிகிச்சை இப்போதும் மாய்ஸ்சரைசரும், மருத்துவர் அளவு சொல்லித் தரும் வீக்கத் தடுப்பு மருந்தும்தான். அதற்கும் முகம், கழுத்து அடங்கவில்லை என்றால்தான் பூஞ்சை மருந்தைப் பரிசீலிப்பார்கள். மாத்திரை என்றால் கல்லீரல் பரிசோதனையும் எழுதித் தரலாம்.