போதையின் பூர்வகதை

குடிகாரனைக் கண்டால் அவனுடைய மனவுறுதியின்மையைப் பழிப்பதும், நற்போதனையால் அவனைத் திருத்திவிடலாமென்று நம்புவதும் உலகத்தின் நெடுநாளைய வழக்கம். அமெரிக்காவிலுள்ள சான் டியேகோ நகரத்தில் உடற்பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்த டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவரும் சமயத்திலேயே சிலர் சிகிச்சையைக் கைவிட்டுப் போவதேன் என்று 1980களில் விசாரிக்கப் புகுந்தபோது, அவர்களுள் பலர் பால்ய வயதில் பாலியல் கொடுமைக்கு இலக்கானவர்கள் என்று தெரியவந்தது. அவ்விசாரணையே பின்னர் அந்த வழக்கத்தின் அஸ்திவாரத்தை அசைத்த ஓர் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

ஃபெலிட்டியும், அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு மையத்தைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் ஆண்டாவும், கைஸர் பெர்மனென்டே என்னும் மருத்துவ நிறுவனத்தில் உடற்பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு வினாத்தாள் அனுப்பி, 9,508 பேருடைய விடைகளை ஆராய்ந்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டனர். அடி உதை, மனத்தைப் புண்படுத்தும் வசை, பாலியல் கொடுமை, தாய் தாக்கப்படுதல், குடிக்கோ போதைக்கோ அடிமையானவருடனோ, மனநோயாளியுடனோ, சிறை சென்றவருடனோ ஒரே வீட்டில் வளர்தல் என இளமைத் துன்பங்கள் ஏழு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. விடையளித்தவர்கள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு பெற்ற நடுத்தர வகுப்பினரே. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வகையையேனும் அனுபவித்திருந்தனர். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தோர் தம்மைக் குடிக்கு அடிமையென்று கூறும் சாத்தியம், எதையுமே அனுபவியாதோரைவிட ஏறத்தாழ 7 மடங்கும், ஊசியால் போதைமருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் சாத்தியம் 10 மடங்கும் அதிகமாயிருந்தன.

இடைவிடாத அச்சத்தில் வளரும் குழந்தையின் மூளையும் நரம்புகளும் ஆபத்தை எதிர்நோக்கியே பழகிவிடுவதால், பிற்காலத்தில் ஆபத்து நீங்கிய பின்னும் அமைதி வாய்ப்பதில்லை. அந்த அமைதியைச் சில நாழிகைக்கேனும் தரவல்ல மதுவை அவன் முதன்முதலில் நாடுவது பெரும்பாலும் சுகத்துக்காக அன்று, வேதனையின் நிவாரணத்துக்காகவே. ஆனால் இக்கணக்கை ஒருவருடைய ஜாதகமாகக் கொள்வது பிழை. இது பெருந்திரளான மக்களைப்பற்றிய அனுமானம். முதிர்ந்தோர் தம் ஞாபகத்திலிருந்து கூறியவற்றை ஆதாரமாகக் கொண்டது. கொடுமைகள் பல கண்டும், அன்பு மாறாத ஒரு பெரியவரின் ஆதரவால் நிலைபெற்றுவிட்டோரும் உண்டு.

அந்த ஏழு வகைகளில் வீட்டிலுள்ளவரின் குடியும் போதையும் ஒன்றாக இடம்பெற்றிருப்பதைக் கவனித்தால், ஒரு தலைமுறையில் காரியமாய் முடிந்தது அடுத்த தலைமுறைக்குக் காரணமாகிவிடுவது விளங்கும். ஆகவே, குடிகாரத் தந்தையைத் தூஷித்துத் தள்ளாமல் அவருக்குத் தக்க சிகிச்சையளிக்கும் சமூகம், அவருடைய குழந்தைக்கும் அப்போதே காப்புச் செய்துவிடுகிறது.