மாடு ஏற்றும் மேடை: சிறு செலவு, பெரும் பாதுகாப்பு

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கறவை மாடு பல குடும்பங்களின் அன்றாட வருமானம். செவ்வாய், வியாழக்கிழமைகளில் கூடும் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கி, எல்லை கடந்து கொண்டுவருவோர் எமது வாடிக்கையாளரிடையே உண்டு. மாட்டின் விலையையும் கறவையையும் கணக்கிடும் நாம், அதனை வண்டியில் ஏற்றி இறக்கும் சில நிமிடங்களைக் கணக்கில் கொள்வதில்லை. கடனில் வாங்கிய மாடு அந்நேரத்தில் வழுக்கிக் கால் முறிந்தால், பால் நின்றுவிடும், தவணை நிற்காது. சினைமாடாயின் இழப்பு இரட்டிப்பு.

மாடு ஏற மறுப்பது முரட்டுத்தனத்தால் அன்று; பெரும்பாலும் அச்சத்தால். அதன் கண்கள் பக்கவாட்டில் அமைந்தவை. தரையில் விழும் நிழலும் பலகைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள சந்தும் அதற்குப் பள்ளமாகத் தோன்றலாம். வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் செல்லவும் அது தயங்கும். இவற்றை ஆராய்ந்த அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், நிலையான சாய்தளத்தின் சரிவு 20 பாகைக்கு மிகலாகாது என்கிறார்.

இதனை எளிய கணக்காகக் கூறலாம்: வண்டித் தளத்தின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் சாய்தளத்திற்கு வேண்டும். தளம் 1 மீட்டர் உயரமெனில் சாய்தளம் 3 மீட்டர். கட்டுமுன், வழக்கமாக வரும் வண்டியின் தள உயரத்தை அளந்துகொள்க.

கருங்கல் அணைத்து மண் நிரப்பி, மேலே காங்கிரீட் இடலாம். மேற்பரப்பை வழுவழுப்பாக்கலாகாது; 10 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட படிகளாக அமைப்பது நன்று. உச்சியில் மாடு நின்று நிதானிக்க ஒன்றரை மீட்டர் சமதளம் விடுக. இருபுறமும் வெளிக்காட்சி தெரியாதவாறு அடைப்பு வேண்டும். மாடு நடக்கவும், ஆனால் திரும்ப இயலாதிருக்கவும், அகலம் முக்கால் மீட்டர் அளவில் இருக்கலாம். மேற்கு நோக்கி ஏறும்படி அமைத்தால் மாலை வெயில் கண்ணில் படும். வடக்கு தெற்காக அமைப்பது உகந்தது.

1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளையும் நினைவிற் கொள்க. மாடு பயணத்திற்குத் தகுதியானது என்னும் கால்நடை மருத்துவரின் சான்று தேவை. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. உடன் ஒரு பராமரிப்பாளர் செல்லவேண்டும். தரையில் தென்னைநார்ப் பாய் போன்ற வழுக்காத விரிப்பு இருத்தல் வேண்டும். மாடுகள் வண்டியின் முன்புறம் நோக்கி நிற்பது நல்லது.

தொழுவம் கட்டக் கடன் கோரும்போது இம்மேடையையும் மதிப்பீட்டில் சேர்த்து, கிளை அலுவலரிடம் கலந்து பேசுக. காப்பீடு பயணத்தில் நேரும் இழப்பை ஏற்குமா என்பதை மாடு வாங்குமுன்னரே கேட்டறிக. காதுவில்லை எண்ணையும் ஆவணத்தையும் ஒப்பிட்டுக்கொள்க. ஓரிரு மாடு வைத்திருப்போர் தனித்தனியே கட்டவேண்டுவதில்லை. ஊர்ப் பால் சங்க வளாகத்தில் பொதுவாக ஒரு மேடை இருந்தால் அனைவர்க்கும் பயன்படும்.