கால் எட்டலையா? முதல்ல சீட்டைப் பாருங்க
என் உயரம் 5 அடி 3 அங்குலம். ஹிமாலயன் 450 சீட் உயரம் 825 மில்லிமீட்டர். லோ சீட் போட்டா 805. சீட்டை மாத்தினா சஸ்பென்ஷன் அப்படியே இருக்கும், அதனால முதல்ல அதைப் பண்ணுங்க.

லோயரிங் லிங்க் போட்டா பின்பக்கம் இறங்கும். ஆனா கிரவுண்ட் கிளியரன்ஸும் கூடவே குறையும். கல்லு, பள்ளம் தாண்டத்தானே இந்த வண்டி வாங்கறோம்? பின்னாடி மட்டும் இறக்கினா ஹேண்டில் திரும்புறது மந்தமாகும். முன் ஃபோர்க்கையும் கிளாம்ப்ல மேலே ஏத்தி சமன் பண்ணணும். சைடு ஸ்டாண்டையும் குட்டையாக்கணும். இல்லேன்னா வண்டி நிமிர்ந்து நின்னு வலப்பக்கம் விழுந்துடும்.

ரெண்டு பாதமும் முழுசா பதியணும்னு அவசியமே இல்லை. நிறுத்தும்போது இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது காலை ஊன்றுங்க. வலது கால் பிரேக்ல இருக்கட்டும். இதைக் காலி மைதானத்துல பழகிட்டு, அப்புறம் ஸ்பானரை எடுங்க.