சேற்றில் கிளம்பும் குமிழி

மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எடப்பாடிப் பக்கம் பூலாம்பட்டி, தேவூர் வயல்களில் நடவு வேலை சூடுபிடித்துவிடும். நட்டு ஒரு மாதம் ஆன வயலின் வரப்பில் உட்கார்ந்து, ஒரு குச்சியால் சேற்றைக் கிளறிப் பாருங்கள். குமிழிகள் குபுகுபுவென்று மேலே வரும். அவற்றில் மீத்தேன் என்ற வாயு இருக்கிறது. 1776-இல் இத்தாலியில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா இப்படித்தான் ஏரிச் சேற்றைக் கிளறி, அந்த வாயுவைப் பாட்டிலில் பிடித்து ஆராய்ந்தார்.

நீர் தேங்கிய மண்ணுக்குள் காற்று போகாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். பிறகு நைட்ரேட், அப்புறம் இரும்பு, அடுத்து சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்தும். இவையெல்லாம் தீர்ந்த பிறகே மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் ஆட்டம் முழு வேகம் பிடிக்கும். உண்டான மீத்தேனில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. நெல் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக, உறிஞ்சுகுழலில் ஏறுவதுபோல ஏறி வெளியே போய்விடுகிறது. பூமியைச் சூடாக்குவதில் 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வலியது.

இந்த மீத்தேன் கணக்கில் சாயப்பட்டறைக் கழிவும் தலையிடுகிறது. நம் ஊர்த் தறிகளில் ஓடும் வண்ண நூலைப் பார்த்திருப்பீர்கள். பருத்தி நூலில் சாயம் நன்றாக ஏற வேண்டும் என்று சாயப்பட்டறைகளில் உப்பைக் கொட்டுவார்கள். சோடியம் சல்பேட்டும் அதில் ஒன்று. அந்த உப்பு கலந்த கழிவுநீர் வயலுக்குப் போனால் என்ன ஆகும்? சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் பெருகி, மீத்தேன் உண்டாக்குபவற்றின் உணவைப் பிடுங்கிக்கொள்ளும். மீத்தேன் குறையும்!

நல்லதுதானே என்று தோன்றும். இல்லவே இல்லை. அந்த நுண்ணுயிர்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல நாறும். அளவு மீறினால் நெல்லின் வேர் கறுத்து அழுகும். உப்பும் பயிரை வாட்டும். நொய்யல் ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, பாசனமே பாழானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

கழிவில் காட்மியம் போன்ற உலோகங்களும் சேர்ந்தால் கணக்கு இன்னும் குழம்பும். நெல் வேரை ஒட்டி மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. உலோகம் அவற்றை முடக்கினால் மீத்தேன் கூடலாம். நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜனாக மாற்றும் வேலை உலோகத்தால் பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது! ஆகவே மீத்தேனை மட்டும் அளந்துவிட்டு ஒரு வயலுக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது.

மீத்தேனைக் குறைக்க மண்ணைக் கெடுக்காத வழி ஒன்று உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவார்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காய விடமாட்டார்கள். இடையில் மண்ணுக்குள் காற்று புகுவதால் மீத்தேன் உண்டாக்குபவை அடங்கிவிடும். யூரியாவை அளவோடு போட்டால் நைட்ரஸ் ஆக்சைடும் கட்டுக்குள் இருக்கும். வாய்க்கால் தண்ணீரும் மிஞ்சும்.